டிரினிட்டி: வசூலில் ஜெயித்தது இரண்டாவது, ஆட்டத்தில் ஜெயித்தது எது?

ஸ்கோர்போர்டை மட்டும் பார்ப்பவருக்கு இந்த விவாதமே தேவையில்லை. ‘தே கால் மீ டிரினிட்டி’ 1970 டிசம்பரில் இத்தாலியில் வெளியானது. அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அடுத்த ஆண்டே ‘டிரினிட்டி இஸ் ஸ்டில் மை நேம்’ வந்தது. அதே இயக்குநர், அதே தயாரிப்பாளர், அதே இரண்டு நாயகர்கள். 1971–72 பருவத்தில் இத்தாலிய வசூலில் முதலிடம் அந்த இரண்டாவது படத்துக்குத்தான். அங்கே விற்ற டிக்கெட் மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேல். அன்றைய இத்தாலியின் மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால், கைக்குழந்தைகளையும் சேர்த்து நாலு பேருக்கு ஒரு டிக்கெட்.

ஆனாலும் ஆட்டத்தை ஓவர் ஓவராகப் பிரித்துப் பார்த்தால் முதல் படம்தான் ஜெயிக்கிறது என்பது என் கட்சி. பெரிய வித்தியாசத்தில் அல்ல. கடைசி ஓவர்வரை இழுத்துத்தான்.

முதலில் மைதானத்தைச் சொல்லிவிடுகிறேன். 1970 வாக்கில் இத்தாலியன் வெஸ்டர்ன் களைத்துப்போயிருந்தது. அந்த வகையின் பெரிய இயக்குநர் செர்ஜியோ லியோனே தன் முக்கிய வெஸ்டர்ன்களை எடுத்து முடித்திருந்தார். அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்கள் ஆண்டுக்கு டஜன் கணக்கில் எடுத்துத் தள்ளினார்கள். எல்லாவற்றிலும் தாடி, புழுதி, பழிவாங்கல், கடைசி ரீலில் பிணக்குவியல். அந்தப் பிணங்களைப் பக்கத்திலிருந்து படம்பிடித்தவர்களில் ஒருவர் என்ஸோ பர்போனி. 1966இல் வந்த ‘ஜாங்கோ’வுக்கு ஒளிப்பதிவாளர் அவர்தான். சவப்பெட்டியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியை எடுத்து நாயகன் சுட்டுத் தள்ளுகிற காட்சியை கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்தவர். இ.பி. கிளச்சர் என்ற அமெரிக்கப் பெயரை மாட்டிக்கொண்டு டிரினிட்டியை இயக்கியபோது, அதே புழுதியையும் அதே மலைகளையும் வைத்துக்கொண்டு சிரிக்கவைக்கப் பார்த்தார். மலைகள் என்றால் டெக்ஸாஸ் மலைகள் இல்லை. ரோமுக்குக் கிழக்கே அப்ருட்சோ பக்கம், ஆடு மேய்க்கிற காம்போ இம்பெரதோரே மேட்டுநிலம்! சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் வெஸ்டர்ன் நாயகன் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அந்த டெக்ஸும் இத்தாலியில் பிறந்தவர்தானே.

இனி ஆட்டக்காரர்கள். இந்த விளையாட்டுப் பத்தியில் சினிமாவுக்கு இடம் கொடுக்க எனக்குத் துணிச்சல் தந்தவர் பட் ஸ்பென்சர். நிஜப்பெயர் கார்லோ பெடர்சோலி, ஊர் நேப்பிள்ஸ். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை ஒரு நிமிடத்துக்குள் முடித்த முதல் இத்தாலியர் அவர். 1950இல், 59.5 விநாடி. (அமெரிக்காவின் ஜானி வெய்ஸ்முல்லர் 1922இலேயே ஒரு நிமிடத்தை உடைத்திருந்தார். அவரும் பிற்பாடு டார்ஜானாக சினிமாவுக்குத்தான் போனார்.) ஹெல்சிங்கி, மெல்போர்ன் இரண்டு ஒலிம்பிக்கிலும் பெடர்சோலி அரையிறுதிவரை போனார். வாட்டர் போலோவும் ஆடியவர். நடிக்க வந்தபோது தனக்குப் பிடித்த பட்வைசர் பீரிலிருந்து பாதி, ஸ்பென்சர் டிரேஸியிடமிருந்து பாதி எடுத்துப் புதுப்பெயர் வைத்துக்கொண்டார்.

அந்தத் தோள்களை மனதில் வைத்துக்கொண்டு அவர் சண்டையைப் பாருங்கள். ஸ்பென்சர் நகரமாட்டார். எதிராளி வந்து முகத்தில் இரண்டு குத்து, வயிற்றில் ஒரு குத்து விடுவான். அவர் இமைக்கமாட்டார். எதிராளி தன் கையைத் தானே பார்த்துக்கொள்வான். அந்த ஒரு விநாடி இடைவெளியில்தான் தியேட்டர் சிரிக்கத் தொடங்கும். பிறகு மூடிய முஷ்டி மேலிருந்து நேராக உச்சந்தலையில் இறங்கும். ஆணி அறைவதுபோல. இதில் வேகம் எதுவும் இல்லை, காத்திருப்பதுதான் வித்தை. குறுகிய தூர நீச்சலில் துப்பாக்கி வெடிக்கும்வரை அசையாமல் நிற்கப் பழகிய உடம்பு அது.

டிரினிட்டியாக வரும் டெரன்ஸ் ஹில் இதற்கு நேரெதிர். வெனிஸில் பிறந்த மரியோ ஜிரோட்டி. விஸ்கோன்டியின் ‘தி லெப்பர்ட்’ படத்தில் பிரபு வீட்டு இளைஞனாக நடித்தவர். உடம்பில் எலும்பே இல்லாததுபோல் சாய்வார், துள்ளுவார், நாற்காலியையும் பலகையையும் எதிராளியின் கையையுமே ஆயுதமாக்குவார். ஒருவர் தூண், இன்னொருவர் கொடி. இந்த ஜோடியைச் சேர்த்துவைத்தவர் பர்போனி அல்ல. 1967இலேயே ஜூசெப்பே கொலிட்ஸி இருவரையும் ஒரு சீரியஸ் வெஸ்டர்னில் இணைத்துவிட்டார். அந்தப் படத்துக்கு முதலில் பேசியிருந்த நாயகனுக்குக் கால் உடைந்துபோனதால் ஹில்லுக்கு வாய்ப்பு வந்தது. காயமடைந்தவருக்கு மாற்றாக இறங்கி அணியில் நிரந்தரமாகிவிட்ட ஆட்டக்காரர்.

முதல் படத்தின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. குதிரை தன்பாட்டுக்கு நடக்கிறது. பின்னால் இரண்டு கழிகளில் கட்டி இழுக்கும் படுக்கையில், பூட்ஸ் தேய, டிரினிட்டி தூங்கிக்கொண்டு வருகிறான். ஃப்ராங்கோ மிகலிட்ஸியின் விசில் இசை கூடவே வருகிறது. (அதே பாட்டை 2012இல் டாரண்டினோ ‘ஜாங்கோ அன்செயின்ட்’ முடிவில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.) ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்து, பீன்ஸ் கொட்டையைப் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பைச் சட்டியோடு இழுத்துவைத்து, ரொட்டியால் வழித்து முழுவதையும் முடிக்கிறான். இத்தாலிக்காரர்கள் இந்த வகைப் படங்களுக்கே பீன்ஸ் வெஸ்டர்ன் என்று பட்டப்பெயர் வைத்ததற்கு இந்தச் சட்டிதான் காரணம்.

சட்டியைப் பற்றி எழுதுபவர்கள் அடுத்து நடப்பதை மறந்துவிடுகிறார்கள். அதே கடையில், காயம்பட்ட ஒரு மெக்ஸிகோக்காரனைப் பரிசுத்தொகைக்காகப் பிடித்துவைத்திருக்கும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். டிரினிட்டி சாப்பிட்டு எழுந்து அந்தக் கைதியையும் கூட்டிக்கொண்டு வெளியே போகிறான். முதுகில் சுடலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் இவன் இருவரையும் சுடுகிறான். அவர்கள் சாகிறார்கள். நிஜமாகவே. ஊருக்குள் டிரினிட்டியின் அண்ணன் பம்பினோவின் அறிமுகமும் அப்படித்தான். வம்புக்கு வந்த ஆட்களை இடதுகையால் சுட்டுத் தள்ளுகிறார், பம்பினோவாக வரும் ஸ்பென்சர்.

இதைத்தான் நான் முதல் படத்தின் அடித்தளம் என்பேன். இந்த ஊரில் தோட்டா பட்டால் உயிர் போகும் என்று முதல் கால்மணி நேரத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். அதன்பிறகு சோம்பேறி ஒருவன் கொட்டாவி விட்டால், அந்தக் கொட்டாவியைக்கூடக் கவனமாகப் பார்க்கிறோம்.

இரண்டாவது பலம், அண்ணன் தம்பி ஒரே அணியில் இல்லை. பம்பினோ நிஜ ஷெரீஃபை வழியில் மடக்கிப்போட்டுவிட்டு அவன் நட்சத்திரத்தைத் தன் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நோக்கம், மேஜர் ஹாரிமனின் குதிரைகளை அடித்துக்கொண்டு கலிஃபோர்னியா போவது. நல்ல திட்டம், அமைதியாக இருந்தால் நடந்துவிடும். அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து சேர்கிறான். பள்ளத்தாக்கில் குடியேறியிருக்கும் மார்மன் மதக் கூட்டத்தில் இரண்டு பெண்களைப் பார்த்து மயங்கி, மேஜரிடமிருந்து அவர்களைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்கிறான். ஒவ்வொரு காட்சியிலும் ஸ்பென்சரின் முகத்தில் ஒரு கணக்கு கலைவது தெரிகிறது. தம்பியை அடிக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. இந்தப் புழுக்கம்தான் அவருடைய நடிப்பின் உச்சம். பிறகு எத்தனையோ படங்களில் அதே முறைப்பை முறைத்திருக்கிறார். இங்கே மட்டும்தான் அதற்கு நூறு குதிரை மதிப்பு இருந்தது.

எதிரணியும் சோடையில்லை. மேஜராக வருபவர் ஃபார்லி கிரேஞ்சர், ஹிட்ச்காக்கின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெய்ன்’ படத்தில் டென்னிஸ் வீரராக நடித்தவர். சத்தம் போடாமல், கசங்காத உடையில், நாகரிகமாக மிரட்டுகிறார். இவரை ஒரு கோமாளியாக்கியிருந்தால் மொத்தப் படமும் தொய்ந்திருக்கும்.

கடைசிச் சண்டைக்கு வருவோம். மார்மன்கள் ஆயுதம் தொடமாட்டார்கள். கை ஓங்கவும் தயங்குகிறார்கள். அவர்களுக்கு டிரினிட்டியும் பம்பினோவும் குத்தவும் தடுக்கவும் பயிற்சி கொடுக்கிறார்கள். சண்டைக்கும் ஒரு காலம் உண்டு என்பதற்கு வேதத்தில் ஆதாரம் கிடைத்தபிறகு பெரியவர் டோபையாஸ் முதல் ஆளாக இறங்குகிறார். துப்பாக்கி இல்லை, வெறும் கை. சுடத் தெரிந்த இரண்டு பேர், தோட்டாவால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலையை முஷ்டியால் நீட்டி முடிக்க ஒப்புக்கொள்கிறார்கள். துப்பாக்கியைக் கீழே வைப்பதற்கு இங்கே மதிப்பு இருக்கிறது, ஏனென்றால் அது என்ன செய்யும் என்று நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். அந்தக் களேபரத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். கேமரா தள்ளி நிற்கிறது. நாலைந்து சண்டைகள் ஒரே சட்டகத்துக்குள் தனித்தனித் தாளத்தில் நடக்கின்றன. யார் யாரை அடிக்கிறார்கள் என்பதில் குழப்பமே இல்லை. அடி வாங்குகிறவர்கள் அடிப்பவர்களைவிடத் தேர்ந்தவர்கள். ரிக்கார்டோ பிட்ஸுட்டி போன்றவர்கள் இந்த ஜோடியிடம் அடி வாங்குவதையே ஒரு தொழிலாகச் செய்து வந்தார்கள். பிட்ஸுட்டி இரண்டாம் படத்திலும் வருகிறார். சண்டைக் காட்சிக்கு விருது கொடுப்பதானால் பாதியை இவர்களுக்குக் கொடுக்கவேண்டும்.

முடிவும் கச்சிதம். பெண்களும் கிடைத்தார்கள், சமூகமும் ஏற்றுக்கொண்டது. இனி விடியலில் எழுந்து எல்லோரோடும் உழைக்கவேண்டும் என்று பெரியவர் சொல்லத் தொடங்கியதும், டிரினிட்டி மறுபடி அந்த இழுவைப் படுக்கையைத் தேடுகிறான்.

இரண்டாம் படத்துக்கு வந்தால், முதல் அரைமணி நேரத்தில் நான் தோற்றுவிடுவேனோ என்ற பயம் வந்துவிடுகிறது. அவ்வளவு நன்றாக இருக்கிறது. பாலைவனத்தைக் கடந்து பசியோடு வரும் பம்பினோ, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு முரடர்களின் பீன்ஸைப் பறித்துத் தின்றுவிட்டுப் போகிறான். அவர்கள் மூச்சுவிடுவதற்குள் டிரினிட்டி வந்து அதே நால்வரிடம் தன் பங்கை வாங்குகிறான். முதல் படத்தின் சட்டியை வெறுமனே திரும்பக் காட்டாமல், அதை இரட்டிப்பாக்கி, பார்ப்பவர் ‘ஐயோ, மறுபடியுமா!’ என்று அந்த முரடர்களுக்காகப் பரிதாபப்படும்படி செய்திருக்கிறார்கள். தொடர்ச்சிப் படம் பழைய நகைச்சுவையை எப்படித் தொடவேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம்.

அப்புறம் அந்தச் சீட்டாட்டம். வைல்ட்கேட் ஹென்ட்ரிக்ஸ் என்ற துப்பாக்கிக்காரனோடு டிரினிட்டி போக்கர் ஆட உட்காருகிறான். சீட்டுக்கட்டு அவன் விரல்களில் அருவியாக விழுகிறது, விசிறியாக விரிகிறது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பாய்கிறது. அந்த விரல்கள் ஹில்லுடையவை அல்ல. இத்தாலியின் புகழ்பெற்ற மாயவித்தைக்காரர் டோனி பினரெல்லியுடையவை. முகம் ஒருவர், கை ஒருவர் என்று தெரிந்தபிறகும் ஒட்டுத் தெரிவதில்லை, ஏனென்றால் கை அத்தனை வித்தை காட்டும்போது ஹில்லின் முகம் பால்குடிக் குழந்தைமாதிரி இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் கோபப்பட்டு எழுந்ததும் நடப்பது இன்னும் நேர்த்தி. அவன் கை துப்பாக்கிக்குப் போவதற்குள் அவன் கன்னத்தில் அறை, துப்பாக்கி டிரினிட்டி கையில். மறுபடி அறை, மறுபடி துப்பாக்கி. லியோனே பத்து நிமிடம் கண்களைக் காட்டிக் காட்டி ஏற்றிய பதற்றத்தை பர்போனி ஒரு பளாரில் உடைக்கிறார். ஜோடியின் மொத்த வாழ்க்கையிலும் எனக்குப் பிடித்த ஒரே காட்சியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அது இரண்டாம் படத்தில் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

உயர்தர உணவகத்தில் புது உடுப்போடு போய் உட்காரும் காட்சியும் அதற்குச் சளைத்ததில்லை. எந்தப் பாத்திரத்தில் எதை எடுத்து எப்படித் தின்பது என்று தெரியாத இரண்டு பேரும், அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் செத்துக்கொண்டே பரிமாறும் பணியாளர்களும். ஒரு குத்துகூட இல்லாமல் இருவரும் ஜெயிக்கும் இன்னிங்ஸ் இது.

இவ்வளவு இருந்தும் ஏன் தோல்வி? இனி யாருக்கும் எதுவும் ஆகாது என்பது நமக்குத் தெரிந்துவிடுவதால். முதல் படத்தில் செத்துக் கிடந்தவர்களைப்போல இங்கே யாரும் நினைவில் நிற்கவில்லை. துப்பாக்கி ஒரு வித்தைப்பொருளாகிவிட்டது. அண்ணன் தம்பி முரணும் தொடக்கத்திலேயே தீர்த்துவைக்கப்படுகிறது. சாகக்கிடப்பதாக நடிக்கும் அப்பா, தம்பிக்குத் திருட்டுத்தொழிலைச் சரியாகக் கற்றுக்கொடு என்று பம்பினோவிடம் சத்தியம் வாங்குகிறார். அப்பாவாக வருபவர் ஜான் ஃபோர்டின் படங்களில் குதிரையேறிய ஹாரி கேரி ஜூனியர். அசல் வெஸ்டர்னின் ரத்தம் ஓடும் மனிதர். அவரைக் கட்டிலில் படுக்கவைத்தே வீணடித்துவிட்டார்கள். இனி இருவரும் கூட்டாளிகள். பம்பினோ முறைக்கிறான், ஆனால் அந்த முறைப்புக்குப் பின்னால் இழக்க ஒன்றுமில்லை.

எதிரணித் தலைவர் பார்க்கர் ஆயுதம் கடத்துகிறவர். இந்த இருவரையும் அரசாங்க ஏஜென்டுகள் என்று தவறாக நினைத்துப் பணம் கொடுக்கிறார். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹாரிமனின் நிழல் அளவுக்குக்கூட அவர் பயமுறுத்தவில்லை. இடையில் வண்டியில் போகும் ஒரு ஏழைக் குடும்பம், வயிற்றுக் கோளாறு உள்ள ஒரு குழந்தை, அந்தக் குழந்தையின் சத்தத்தை வைத்தே திரும்பத் திரும்ப நகைச்சுவை. முதல் தடவை சிரித்தேன்.

அந்தக் குடும்பத்தின் தலைவராக வருபவரைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போனால் விளையாட்டுப் பக்கத்துக்குத் துரோகம். அவர் என்ஸோ ஃபியர்மோன்டே. ஒரு காலத்தில் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர், அமெரிக்க வளையங்களில் ஆடியவர். டைட்டானிக் கப்பலில் இறந்த கோடீஸ்வரர் ஆஸ்டரின் மனைவி மடலெய்னை 1930களில் மணந்து விவாகரத்தும் ஆனவர். குத்தத் தெரிந்த அப்படிப்பட்ட ஆளை வண்டியோடும் குழந்தையோடும் விட்டுவிட்டார்கள்.

கடைசிச் சண்டை ஒரு மடாலயத்தில். துறவிகளின் அங்கிகள், பார்க்கரின் அடியாட்கள், நடுவே ஒரு பண மூட்டை. மூட்டையை ரக்பி பந்துபோல் கைமாற்றி எறிந்து ஓடுகிறார்கள். எழுத்தில் படிக்கும்போது முதல் படத்தைவிட இது அருமை என்று தோன்றும், குறிப்பாக என்னைப்போல் ஒருவருக்கு. திரையில் அது நீள்கிறது. முதல் படத்தில் கை ஓங்கத் தயங்கிய ஒரு கூட்டம் முதல்முறையாகக் கை ஓங்கியது. இங்கே எல்லோரும் முன்பே தேர்ந்த ஆட்டக்காரர்கள், எல்லைக்கோடு எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஒருநாள் தொடர் முடிவாகிவிட்டபிறகு நடக்கும் கடைசி ஆட்டம்போல, ஷாட்டுகள் அழகாக இருக்கின்றன, முடிவைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

இது டிரினிட்டிக்கு மட்டும் வந்த வினையும் இல்லை. 1991இன் ‘சிட்டி ஸ்லிக்கர்ஸ்’ படத்தில் ஜாக் பேலன்ஸ் நடித்த கர்லி பாதியிலேயே இறந்துபோவார். நகரத்துக் கோழைகள் மூன்று பேரும் வளர்வது அந்தச் சாவுக்குப் பிறகுதான். அந்த வேடத்துக்கு ஆஸ்கர் வாங்க மேடையேறிய 73 வயது பேலன்ஸ், ஒற்றைக்கையில் தண்டால் எடுத்துக் காட்டினார். 1994இல் இரண்டாம் பாகம் எடுத்தபோது பேலன்ஸை விட மனமில்லை. இரட்டைச் சகோதரர் என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்தார்கள். முதல் படத்தின் சாவு அந்த நொடியே பொய்யாகிவிட்டது. ஜாக்கி சான், ஓவன் வில்சன் ஜோடியின் இரண்டாம் பாகமான ‘ஷாங்காய் நைட்ஸ்’ லண்டனுக்கே ஓடிப்போய்விட்டது, அதை வெஸ்டர்ன் கணக்கில் சேர்ப்பதே தாராளம். பாப் ஹோப்பின் தொடர்ச்சிப் படமான ‘சன் ஆஃப் பேல்ஃபேஸ்’ ஒன்றுதான் விதிவிலக்கு. 1952இல் ஃபிராங்க் டாஷ்லின் அதைக் கார்ட்டூன் வேகத்தில் எடுத்தார். முதல் படத்தைப்போல் நடிக்கவே முயலாததால் தப்பித்தது.

ஒன்றரைக் கோடிப் பேருக்குப் பக்கம் டிக்கெட் வாங்கியது தப்பா என்று கேட்பீர்கள். தப்பில்லை. தொழிற்சங்கப் போராட்டங்களும் குண்டுவெடிப்புகளுமாக இருந்த இத்தாலியில், குடும்பத்தோடு போய், யாரும் சாகாத ஒரு படத்தில் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வரவேண்டும் என்று ஜனங்கள் நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஜோடிக்கும் அந்தப் படமே வழியைக் காட்டியது. பிறகு வந்த பெரும்பாலான படங்களில் அவர்கள் குதிரையை விட்டார்கள், முஷ்டியை விடவில்லை. 1994இல் ஹில்லே இயக்கிய ‘டிரபிள்மேக்கர்ஸ்’வரை அது ஓடியது.

பர்போனி 1995இல் இன்னொரு முறை முயன்றார். டிரினிட்டி, பம்பினோ இருவருக்கும் மகன்கள் பிறந்ததாகக் கதை கட்டி, புதுமுகங்களை வைத்து ஒரு படம். நகல்கள் ஓடவில்லை. தோள் ஸ்பென்சருடையது, சாய்வு ஹில்லுடையது. அவற்றைக் கதையில் எழுதி வைக்க முடியாது.

தீர்ப்பு இதுதான். தனித்தனிக் காட்சிகளில் இரண்டாம் படம் 3–2 என்று முன்னிலை: இரட்டைப் பறிப்பு, சீட்டாட்டம், உணவகம். முழு ஆட்டமாக எடுத்தால் முதல் படம். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இரண்டாவதன் முதல் பாதியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள். ஒரு மாலை முழுக்க இருக்கிறது என்றால் முதல் படத்தை, தூங்கிக்கொண்டு வரும் அந்தப் படுக்கையிலிருந்து கடைசிவரை, ஒரு காட்சியையும் தள்ளிவிடாமல் பாருங்கள்.